மூன்றாம் குரலுக்குக் காத்திருந்த வீடு

எங்கள் வீட்டுக்குக் கதவு இல்லை. நிலை இருந்தது, பிணைச்சல் இருந்தது, கதவு மட்டும் இல்லை. கப்பல்துறையில் கண்டி வீதியை விட்டுக் குடாப் பக்கம் இறங்குகிறவர்களுக்கு வழி சொல்ல அது வசதியாக இருந்தது. கதவில்லாத வீடு எது என்று கேட்டால் யாரும் கைகாட்டிவிடுவார்கள். மழைநாளில் சாரல் நேரே கூடத்துக்குள் வரும். ஆடும் நாயும் கேள்விமுறையில்லாமல் வந்துபோகும். சனங்கள் அதைப் பக்தி என்றார்கள். உபதேசியார் எந்நேரமும் ஆயத்தமாக இருக்கிறார், ஆண்டவர் வந்தால் தட்டக்கூடத் தேவையில்லை என்று பட்டினத்திலிருந்து வரும் பாதிரியாரே ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கதவைக் கழற்றியது பக்தியல்ல, பயம். அது எனக்கும் ஐயாவுக்கும் தெரியும். அம்மா இருந்தவரை அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஐயா என்று நான் சொல்வது என் தகப்பனை. பெயர் ஞானசேகரம். எங்கள் வீட்டோடு ஒட்டியிருந்த தகரக் கூரை ஆலயத்துக்கு அவர்தான் உபதேசியார். பாதிரியார் மாதத்தில் ஒருநாள் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஐயாவே வேதம் வாசித்துப் பிரசங்கம் செய்வார். ஆலயத்துக்குப் பின்னால் கொஞ்சம் சேறு, பிறகு கண்டல் மரங்கள், அதற்கப்பால் குடா. அக்கரையில் கிண்ணியாப் பக்கம் தெரியும். மாரிகாலத்தில் அது தெரியாமல் போய்விடும்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டுக்கு யார் வந்தாலும் வெளியே நின்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாம் குரலுக்குத்தான் உள்ளே இருப்பவர் பதில் சொல்வார், தாழ்ப்பாளை எடுப்பார். தண்ணீரில் செத்தவர்களால் ஒரே ஒரு தரம்தான் கூப்பிட முடியும் என்பது கரைக்காரரின் எண்ணம். அவர்கள் தெரிந்தவரின் குரலில் கூப்பிடுவார்களாம். அதைக் கேட்டு எழும்பிப் போகிறவனைத் தண்ணீர் தனக்கென்று எடுத்துக்கொள்ளுமாம். சைவரும் முஸ்லிம்களும் நாங்களும் எத்தனையோ காரியங்களில் வேறுவேறு. இந்த ஒன்றில் மட்டும் மூன்று கூட்டமும் ஒன்றாக இருந்தோம்.

இத்தனைக்கும் ஐயா தாயத்துகளுக்கு எதிரி. ஞானஸ்நானத்துக்கு வருகிற பிள்ளைகளின் இடுப்பிலிருந்து நூலை அறுத்துக் குடாவில் எறிகிறவர். கண்ணூறு கழிப்பவர்களை வீடு தேடிப்போய்ப் பேசிவிட்டு வருவார். ஆனால் மூன்று தரம் கூப்பிடுகிற வழக்கத்தை மட்டும் அவர் தொடவில்லை. "இது மூடநம்பிக்கையில்லைப் பிள்ளை, முன்யோசனை" என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். நான் அப்போது பட்டினத்தில் தபால் கந்தோரில் தொலைபேசிப் பலகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே மணி ஒரு தரம் அடித்ததும் எடுக்க வேண்டும், இரண்டாம் தரம் அடிக்க விட்டால் மேலதிகாரி முறைப்பார். பகலெல்லாம் ஒரு மணிக்கு ஓடிவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து மூன்றாம் குரலுக்குக் காத்திருப்பேன். அதில் ஒரு வேடிக்கையும் எனக்கு அப்போது தெரியவில்லை.

அறுபத்துநாலாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது புயல் வந்தது. என் அண்ணன் குணரத்தினம் துறைமுகத்தில் படகோட்டியாக இருந்தான். காற்று மோசமாக இருப்பதால் அன்று பட்டினத்திலேயே தங்கிவிடுவதாக மத்தியான பஸ் சாரதியிடம் சொல்லியனுப்பியிருந்தான். அதனால் அவனைப் பற்றி எங்களுக்குப் பயம் இருக்கவில்லை. குடாத் தண்ணீர் சேற்றைத் தாண்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. பொழுது படும் முன்பே இருட்டிவிட்டது. ஐயா கதவுக்குக் குறுக்குத்தடி போட்டார். நாங்கள் மூவரும் கூடத்தில் இருந்து ஜெபம் பண்ணினோம்.

ஜெபத்துக்கு நடுவில் குரல் கேட்டது. "ஐயா."

அண்ணனின் குரல். தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது. அம்மா துள்ளியெழுந்து குறுக்குத்தடியில் கைவைத்தாள். ஐயா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறு கனகம். அவன் பட்டினத்திலயெல்லோ நிக்கிறான்."

"அவன்ர குரல்தானே இது?"

"அதுதான் சொல்லுறன். இன்னும் ரெண்டுதரம் கூப்பிடட்டும்."

நாங்கள் காத்திருந்தோம். காற்று கூரையை இழுத்தது. அம்மாவின் கை தடியிலும், ஐயாவின் கை அம்மாவின் கையிலுமாக இருந்தன. இரண்டாம் குரல் வரவில்லை. "கண்டியா?" என்று ஐயா மெதுவாகச் சொன்னார். அவர் முகத்தில் தப்பிவிட்ட ஒரு நிம்மதி தெரிந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த நிம்மதியை அவர் முகத்தில் நான் பார்க்கவேயில்லை.

காற்று விழுந்த பிறகு அண்ணனைக் கண்டல் வேர்களுக்கிடையில் கண்டெடுத்தார்கள். ஆலயத்தின் பின்சுவரிலிருந்து கல்லெறியும் தூரம்தான். அவன் வந்த வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதன் கயிறு அவன் கையில் சுற்றியிருந்தது. தண்ணீர் ஏறுகிறது என்று கேள்விப்பட்டு, எங்களை ஏற்றிக்கொண்டு போகத்தான் புறப்பட்டிருக்கிறான். மூன்று தரம் கூப்பிடவேண்டும் என்று அவனுக்கும் தெரியும். ஒரு தரத்துக்குத்தான் மூச்சு இருந்திருக்கிறது.

அம்மா ஐயாவைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். "அவன் கூப்பிட்டவன்" என்று மட்டும் சொல்வாள். சோறு போடும்போது சொல்வாள், உடுப்புக் காயப்போடும்போது சொல்வாள். யாருக்கும் சொல்வதாக இருக்காது. இரண்டு வருஷம் அப்படியே இருந்து செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்த கிழமையே ஐயா கதவைக் கழற்றினார். அதைத் துண்டு துண்டாக அறுத்து அடுப்புக்குப் போட்டார். பிறகு வாசலில் ஒரு அரிக்கன் லாம்பு தொங்கியது. பொழுது படமுன் அதற்கு எண்ணெய் விட்டு, திரி வெட்டி, சிமினி துடைப்பார். அண்ணனின் வள்ளத்தை நிமிர்த்தித் திருத்தி, மறுபடியும் கவிழ்த்து ஆலயத்துக்குப் பின்னால் வைத்தார். வருஷாவருஷம் மாரிக்கு முன் கீல் காய்ச்சி அதற்குப் பூசுவார். துடுப்பும் கம்பும் பக்கத்தில் சாத்தியிருக்கும். ஆனால் அந்த வள்ளம் தண்ணீரைத் தொட்டதில்லை. ஏனென்று கேட்டால் "இருக்கட்டும், ஆயத்தமா இருக்கட்டும்" என்பார். எல்லாம் ஆயத்தமாகத்தான் இருந்தன.

பிறகு வந்த மாரியில் முதல் தரம் அது கேட்டது. பின்னேரம், நல்ல மழை. ஐயா வாசலைப் பார்த்துக் கதிரையில் இருந்தார். நான் கந்தோரால் வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். "ஐயா" என்று ஒரு தரம், தண்ணீர்ப் பக்கமிருந்து. அம்மா குசினி வாசலில் அசையாமல் நின்றாள். அவளுக்கும் கேட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிரமை என்றுதான் நான் இதைச் சொல்லவேண்டும். படித்தவள், அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவள், அப்படிச் சொல்வதுதான் மரியாதை. ஆனால் குரல்களைப் பிரித்தறிவதுதான் என் வேலை. ஒருவர் "ஹலோ" என்றதும் யாரென்று சொல்லிவிடுவேன். அது என் அண்ணனின் குரல்.

ஐயா கதிரையின் கைகளை இறுக்கிப் பிடித்தபடி வெளியே பார்த்தார். "இன்னொருக்காக் கூப்பிடு மகன்" என்றார். மழையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. "கதவு திறந்துதான் கிடக்கு. வா மகன். இன்னொருக்காக் கூப்பிடு" என்று கெஞ்சினார். அது கூப்பிடவில்லை.

ஒவ்வொரு மாரியிலும் இப்படி நடந்தது. சில வருஷம் ஒரு தரம், சில வருஷம் வேறொரு நாளிலும் ஒரு தரம். ஒருநாளிலே இரண்டாம் குரல் வந்ததேயில்லை. ஐயா கதிரையை விட்டு எழும்பியதுமில்லை. வீட்டிலிருந்து கதவைக் கழற்றி எடுத்தவர், கதவுக்கு உட்புறத்திலேயே இருந்தார்.

இதைவிடக் கொடுமை ஊர்க்கதை. அறுபத்தொன்பதில் என்று நினைக்கிறேன், குரல் கேட்ட மறுநாள் கண்டலுக்குள் ஒரு பிரேதம் வந்து ஒதுங்கியது. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு வாலிபன். கூட்டாளிகளோடு மீன்பிடிக்க வந்து பிரிந்துபோனவன். இன்னொரு வருஷம் ஸல்ஹா என்ற கிண்ணியாப் பெண். தாய்வீட்டுக்குத் தோணியில் போனவள். அவளும் அதே இடத்தில்தான் வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகும் இருந்தார்கள். ஐயா மழையைப் பார்த்துக் கெஞ்சுவதைக் கேட்டிருந்த கரைச்சனங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்களா? உபதேசியாரின் மகன் ஆள் எடுக்கிறான் என்றார்கள். தகப்பனைக் கூப்பிட்டுப் பார்க்கிறான், அவர் போகாததால் அகப்பட்டவனை எடுக்கிறான் என்றார்கள். எங்கள் ஆலயத்துக்கு வருகிற நல்லம்மா அக்கா இதை என் முகத்துக்கு நேரே சொன்னாள். அவள் மனதில் ஒன்றும் வைத்திருக்கமாட்டாள், எல்லாவற்றையும் மற்றவர் மனதில் இறக்கிவிட்டுப் போய்விடுவாள்.

"என்ர பிள்ளை ஆள் எடுக்கமாட்டான்" என்று ஐயா சொல்வார். ஜெபத்திலும் அதையே சொல்வார். செத்த மகன் பரலோகத்தில் இருக்கிறானா, குடாத் தண்ணீரில் நின்று ஆட்களை இழுத்துக்கொண்டிருக்கிறானா என்பதுதான் அவருக்கு உண்மையில் தெரியவேண்டியிருந்தது. வேறெதுவும் அவருக்குப் பெரிதாக இருக்கவில்லை. தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழி இருந்தது. அந்த ஒற்றைக் குரலுக்கு எழும்பிப் போகவேண்டும். குரல் நல்லதென்றால் நல்லது. இல்லையென்றால் அவரும் கண்டலுக்குள் கிடப்பார், மகன் பேய்தான் என்பதும் நிச்சயமாகிவிடும். சாவுக்கு அவர் பயப்படவில்லை என்று நினைக்கிறேன். அந்த நிச்சயத்துக்குத்தான் பயந்தார்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு. நத்தாருக்கு ஆயத்தம் பண்ணும் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு வாசிக்கவேண்டிய பகுதி, மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் கதை. அண்ணன் போன பிறகு அந்தக் கதையை ஐயா வாசிப்பார், பிரசங்கத்தை வேறெதிலாவது வைத்துக்கொள்வார். அன்றைக்கு என்னவோ அதிலேயே தொடங்கினார். வெளியே பேய்மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பிரசங்கத்தில் பாதி யாருக்கும் கேட்டிருக்காது. வந்திருந்தவர்களும் கொஞ்சப்பேர்தான். நான் முன்வாங்கில் இருந்தேன், எனக்குப் பக்கத்தில் நல்லம்மா அக்கா.

"எண்ணெய் வைச்சிருந்தவை புத்தியுள்ளவை எண்டு நாங்கள் சொல்லுறம்" என்றார் ஐயா. "எண்ணெய் மட்டும் காணுமோ? நான் யோசிச்சுப் பாத்தனான். மணவாளன் வாறார் எண்டு சத்தம் கேட்டது ஒருக்காத்தான். அவையள் இன்னொருக்காச் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கேல்லை. எழும்பி வெளியில போச்சினம். விளக்கை வைச்சுக்கொண்டு வீட்டுக்குள்ள இருந்தவையைப் பற்றி..."

அந்த இடத்தில் கேட்டது. "ஐயா."

ஐயா வாயைத் திறந்தபடி நின்றார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் கொட்டாவி விட்டார். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி ஐயாவைப் பார்த்தபோது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்குக் கேட்டதா என்று கண்ணால் கேட்டார். இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். ஆட்டினால் அவர் பிரசங்கத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார், எனக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆளும் மிஞ்சியிருப்பார். எனக்குத் தலை அசையவில்லை.

ஐயா கண்ணாடியைக் கழற்றி வேதபுத்தகத்தின் மேல் வைத்தார். பிரசங்க பீடத்திலிருந்து இறங்கினார். நடுவழியால் நடந்து வெளியே போனார். போகும்போது செருப்பை விட்ட இடத்தில் அதைப் பார்க்கக்கூட இல்லை.

நான் ஓடிப்போனபோது அவர் கவிழ்ந்து கிடந்த வள்ளத்தை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி சேற்றில் தோய்ந்திருந்தது. குடா இருந்த இடத்தில் மழைதான் தெரிந்தது. பின்னால் சனமும் வந்து ஆலயத்தின் தாழ்வாரத்தில் நின்றது.

"உபதேசியாரைப் பிடியுங்கோ, அது அவரை இழுக்குது" என்றாள் நல்லம்மா அக்கா. சொன்னாளே தவிர, சேற்றில் இறங்கவில்லை. வேறு யாரும் இறங்கவில்லை.

நான் வள்ளத்தின் மறுபக்கத்தைப் பிடித்து அமுக்கினேன். "ஐயா, வேண்டாம். அது அண்ணன் இல்லையெண்டால் என்ன செய்வியள்?"

"தெரியாது பிள்ளை."

"இந்த வயசில, இந்த மழையில போனாத் திரும்ப ஏலாது."

"தெரியும்."

"இன்னொருக்காக் கூப்பிடுதோ எண்டு பாப்பம். கொஞ்சம் பொறுங்கோ ஐயா."

அதைச் சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது, நான் என்ன சொன்னேன் என்பது. ஐயா என் கையைப் பார்த்தார். என் கை வள்ளத்தைப் பிடித்திருந்த விதம், அன்று அவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்த விதம்தான்.

"ஒருக்காக் கூப்பிட்டாக் காணும் பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பொய்யெண்டால் நான் போயிடுவன். மெய்யெண்டால் ஆரோ அங்க இருக்கினம். அவன் என்ர பிள்ளை. நான் வளர்த்த பிள்ளை. நான் அவனை நம்பிப் பாக்கிறன்."

நான் கையை எடுத்தேன். இருவருமாக வள்ளத்தை நிமிர்த்தித் தண்ணீருக்கு இழுத்தோம். அவர் ஏறினார். தனியாக அவரால் கம்பும் ஊன்றித் துடுப்பும் போட முடியாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. நானும் ஏறினேன். விசுவாசத்தில் ஏறினேன் என்று சொன்னால் பொய். கோபத்தில் ஏறினேன். ஐயாவின் மேல் கோபம், அண்ணனின் மேல் கோபம், பதினைந்து வருஷமாக இரண்டாம் குரல் அனுப்பாத ஆண்டவரின் மேலும் கோபம். அந்தக் கோபம்தான் துடுப்பைப் போட்டது.

வள்ளம் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விடவில்லை. வருஷாவருஷம் பூசிய கீல் அன்றைக்குத்தான் உதவியது. ஆனால் எங்கே போவது? கரை மறைந்துவிட்டது. மழைக்குள் திசையே இல்லை. ஐயா முன்னுக்கு நின்று கம்பை ஊன்றினார். இன்னொரு குரல் வந்தால் திசையாவது தெரியும் என்று என் மனம் அடித்துக்கொண்டது. வரவில்லை. குரல் முதலில் வந்த பக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு கண்டலை ஒட்டியே போனோம். ஐயா எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஜெபம் என்று நினைத்தேன். கிட்டக் கேட்டபோது, "வாறன் மகன், வாறன் மகன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணனைக் கண்டெடுத்த அதே இடத்தில், வேர்களுக்கிடையில், ஒரு தலை தெரிந்தது. நான் துடுப்பை நிறுத்திவிட்டேன். ஐயா பயப்படவில்லை. வள்ளத்திலிருந்து அப்படியே குனிந்து அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். "சூடு இருக்கு" என்றார். "பிள்ளை, உடம்பில சூடு இருக்கு."

நாங்கள் எப்படி அந்த ஆளை உள்ளே இழுத்தோம் என்று எனக்குத் தெளிவாக நினைவில்லை. கனத்த உடம்பு, ஒரு கை வேரைப் பிடித்தபடி விறைத்துப்போயிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கவேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது சனம் இப்போது சேற்றில் இறங்கி நின்றது. நல்லம்மா அக்காதான் முதலில் வந்து அந்த ஆளின் காலைப் பிடித்தாள்.

அவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஆதம்பாவா. நண்டுக்கு வலை போட வந்த இடத்தில் விடியப்புறமே தோணி கவிழ்ந்துவிட்டதாம். ஆலயத்துக்குள் வாங்கொன்றில் கிடத்தி, பலிபீடத்து வெள்ளைத் துணியால் போர்த்தி, நெருப்பு மூட்டிக் காலைச் சூடுகாட்டினோம். கன நேரத்துக்குப் பிறகு பல் கிட்டினது விட்டது. சீனி அள்ளிப்போட்டுத் தேத்தண்ணி பருக்கினேன். அவர் கூரையைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னய எப்பிடிக் கண்ட நீங்க?"

"நீங்கள் கூப்பிட்டது கேட்டது" என்றேன்.

"நான் கூப்பிடல்லியே."

"ஐயா எண்டு ஒருக்காக் கூப்பிட்டியள்."

அவர் தலையை அசைத்தார். "என்ட வாய் விடிஞ்சதிலரிந்து பூட்டிப் போயிருந்திச்சி. கூப்பிட ஏலல்ல. மனசுக்குள்ளதான் கிடந்து கூப்பிட்ட. அதுகும் உம்மாவத்தான் கூப்பிட்ட."

ஐயா சிரித்தார். நனைந்த சட்டையோடு, தலையில் சேற்றோடு, வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் போன பிறகு நான் அவரிடம் கேட்ட முதல் சிரிப்பு. "நான் சொன்னனான்தானே? சொன்னனான்தானே?" என்று நல்லம்மா அக்காவைப் பார்த்துக் கேட்டார். "என்ர பிள்ளை ஆள் எடுக்கேல்லை. ஆளைக் காட்டினவன். தன்ர ஆக்கினை இன்னொருத்தருக்கு வரக்கூடாதெண்டு நிண்டு காட்டினவன்." நல்லம்மா அக்கா அழுதுவிட்டாள். மகன் நல்லவன். அத்தனை வருஷமாகத் தெரியாமலிருந்தது தெரிந்துவிட்டது.

பிறகு ஐயாவின் சிரிப்பு நின்றது. உடனே நிற்கவில்லை. வாய் சிரித்தபடி இருக்க, கண்கள் முதலில் மாறின. அவர் ஆதம்பாவாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேரைப் பிடித்திருந்த அந்தக் கை இன்னும் முழுதாக விரியவில்லை. நானும் அதைப் பார்த்தேன். அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தபோது அந்த நினைப்பை நிறுத்த முடியவில்லை.

"அப்ப அந்தக் கந்தளாய்ப் பெடியன்" என்றார் ஐயா.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்த ஸல்ஹாப் பிள்ளை. அதுக்குப் பிறகு வந்ததுகள்." அவர் ஈரத் தரையில் மெதுவாக இருந்தார். "எல்லாருக்கும் அவன் வந்து கூப்பிட்டவன். நான் கதிரையில இருந்தனான். அவன் ஆரையும் எடுக்கேல்லைப் பிள்ளை. நான்தான் விட்டனான்."

அன்றைக்குப் பிரசங்கம் முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கன்னிகைகளைப் பற்றிப் பேசவுமில்லை. வாசலில் இருந்த கதிரையை உள்ளே தூக்கிப் போட்டார். வள்ளத்தைக் கவிழ்த்து வைக்கவில்லை. தண்ணீரிலேயே, இழுத்தால் அவிழ்கிற முடிச்சோடு கட்டிவைத்தார். அன்றிலிருந்து வள்ளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஓலைக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு அங்கே இருந்து வேதம் வாசித்தார். சாப்பாட்டை நான் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். உபதேசியாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சனம் இப்போது சொன்னது. கதவில்லாத வீட்டில் பயந்து இருந்தவரைப் பக்தர் என்ற அதே சனம்தான்.

அந்த மாரியிலேயே ஒருநாள், நான் கந்தோரில் இருந்தபோது, அவர் போயிருக்கிறார். வள்ளம் தானாகக் கரைக்கு வந்தது. அதற்குள் ஒரு சின்னப் பெண்பிள்ளை குளிரில் நடுங்கிக்கொண்டு இருந்தாள். தாத்தா தண்ணீருக்குள் நின்று தன்னைத் தூக்கி ஏற்றிவிட்டுத் தள்ளினார் என்று சொன்னாள். ஐயாவைக் கண்டலுக்குள்தான் கண்டெடுத்தோம். அண்ணனுக்குப் பக்கத்தில் அடக்கம் பண்ணினோம். ஆதம்பாவா கிண்ணியாவிலிருந்து ஆட்களோடு வந்து குழி வெட்டினார்.

வீட்டுக்குக் கதவு போடச்சொல்லி எல்லாரும் சொன்னார்கள். தனிப் பொம்பிளை, காலம் வேறு சரியில்லை. யோசிப்போம் என்றேன். ஒரு தச்சரைக் கூப்பிட்டு அளவெடுக்கவும் வைத்தேன். வள்ளத்தை மட்டும் ஐயா கட்டியிருந்த அதே முடிச்சோடு தண்ணீரிலேயே கட்டி வைத்தேன். பலகை வந்து சேர்ந்த நேரம் அடுத்த மாரியும் தொடங்கிவிட்டது.

அன்றைக்கு எனக்கு லீவு. மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. தண்ணீர்ப் பக்கமிருந்து கேட்டது, ஒரே ஒரு தரம்.

அது அண்ணனின் குரல் அல்ல. அவன் ஓய்ந்துவிட்டான் போல. அது "ஐயா" என்று கூப்பிடவுமில்லை.

"பிள்ளை" என்றது.

அரிசிச் சட்டியை நிலத்தில் வைத்தேனா, போட்டேனா என்று தெரியாது. ஓடிப்போய் வள்ளத்தின் முடிச்சை இழுத்தேன், அவிழ்ந்தது. துடுப்பு வள்ளத்துக்குள்ளேயே கிடந்தது.